நூறு சதவீதம் சின்னப்பையன்

பருத்திப்பட்டு கிருபாகரனுக்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பலவீனங்கள்தான். ஒன்று, அவன் மனைவி பானுப்பிரியா. இன்னொன்று, ரப்பர் முத்திரை. ஒரு காகிதத்தில் வட்டமாக முத்திரை குத்தி, அதன் மேல் யாராவது பச்சை மையில் கிறுக்கிவிட்டால் போதும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதைக் கையில் வாங்குவான். அவர்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாண போட்டோ சின்னதாகவும், கல்யாணப் பதிவுச் சான்றிதழ் பெரியதாகவும் மாட்டியிருந்ததற்கு அதுதான் காரணம்.

"போட்டோல இன்னா கீது பானு? நம்ம ரெண்டு பேர் மூஞ்சிதானே. இதுல கவர்மெண்டே கீது" என்பான்.

பானுப்பிரியா சிரித்துவிட்டுப் போவாள். காதலித்துக் கட்டிக்கொண்டவள் வேறென்ன செய்வாள்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடியதும், எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்த அவளும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். இருவருமாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, நானூற்று இருபது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை இறக்கினார்கள். பூந்தமல்லியில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் உஸ்மான் கனி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"கிருபா, எம்புள்ள தப்ரேஸுக்கு நிக்காஹ் வெச்சுகீறேன். வலீமா விருந்துக்கு உன் கோழி மொத்தமும் எனக்குத்தான். வேற எவன் கோழியும் என் பிரியாணி தேக்சால எறங்காது. நீ மட்டும் நடுவுல கையை விரிச்சேன்னு வெய்யி, மண்டபத்துல அத்தினி பேருக்கும் நான் குஸ்காதான் போடணும்."

பிரியாணிக்கடைக்காரர் மகன் கல்யாணத்தில் குஸ்கா! பூந்தமல்லி அதைத் தாங்குமா? கிருபாகரன் கோழிகள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். கல்யாணத்துக்குச் சரியாக நாற்பத்தொரு நாள் இருந்த ஒரு திங்கட்கிழமை அதிகாலையில் கோழிகள் ரத்தமாகக் கழியத் தொடங்கின. பொழுது விடிவதற்குள் ஆறு செத்துக் கிடந்தன.

"இது ரத்தக்கழிச்சல் மாமா. கடைக்குப் போய் மருந்து வாங்கியா" என்றாள் பானு.

"மருந்தா? மையம் எதுக்கு கீது?"

மையம் என்று அவன் சொன்னது, கோழிக்குடல் ஒட்டுண்ணி கண்டறிதல் மற்றும் மரபணு வகைப்பாட்டு உயர் மையத்தை. அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட இரண்டடி நீளம் என்பதால் கடைசி இரண்டு எழுத்துகள் பக்கத்துக் காலி மனைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஷேர் ஆட்டோக்காரர்கள் அதைச் சுருக்கமாக 'பீ ஆபீஸ்' என்பார்கள். போன மாதம் அந்த மையம் விழிப்புணர்வு முகாம் நடத்தி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்குப் பத்து மூட்டை உமி இலவசமாகக் கொடுத்தது. கிருபாகரன்தான் முதல் ஆளாக வாங்கி வந்தான். மூட்டையைப் பிரித்தபோது பானு மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா மாமா, ஏற்கெனவே யாரோ படுத்து எழுந்த மாதிரி நாறுது?"

"மூட்டைல முத்திரை கீது பாரு" என்று சொல்லி, போன வாரம் அவன்தான் அதைக் கொட்டகை முழுக்கப் பரப்பினான்.

உஸ்மான் கனி கடை பிரியாணி டப்பா ஒன்று சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதில் எச்சத்தை அள்ளிக்கொண்டு பத்து மணிக்கெல்லாம் மையத்துக்குப் போய்விட்டான். கவுன்டரில் வேம்புலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். இருபது வருடமாக அதே நாற்காலி. மையத்தில் எந்தத் தாள் நகர வேண்டுமென்றாலும் அவள் முத்திரை வேண்டும்.

"டப்பா மேல சிக்கன் பிரியாணின்னு போட்டுகீது. உள்ள இன்னா?"

"கோழிதாங்கா. ஆனா கோழி இல்ல."

அவள் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. ஒரு படிவத்தை நீட்டினாள். அது ஏதோ ஆஸ்பத்திரிக்கு அடித்த படிவம். அச்சகத்தில் தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். நோயாளியின் பெயர், தந்தை பெயர், திருமணம் ஆனவரா. வேறு யாராக இருந்தாலும் எரிச்சல்பட்டிருப்பார்கள். கிருபாகரன் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்தாக ஆசையாகப் பூர்த்தி செய்தான். தந்தை பெயருக்கு 'சேவல்' என்று போட்டான்.

"எந்தச் சேவல்?"

"தெர்லக்கா."

"'தெரியாது'ன்னு போடு. பின்னாடி சொத்துத் தகராறு வரும்."

எல்லாம் முடிந்தபின் கேட்டாள். "எப்ப போனது இது?"

"விடியக்காலைல அஞ்சு மணி இருக்கும்."

"ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனதத்தான் எடுப்போம். நாங்க தொறக்குறதே பத்து மணிக்கு. எட்டு மணிக்கு மேல போனதா பார்த்துக் கொண்டா."

"அதுங்க காலைல எழுந்ததும் போயிடுதுங்கக்கா."

"பழக்கப்படுத்து."

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். "கோழியையே தூக்கியா. இங்கயே போவட்டும்" என்றாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இன்னும் பதினான்கு கோழிகள் செத்திருந்தன. கிருபாகரன் ஒரு செவலைப் பெட்டையைக் கட்டைப்பையில் வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தான். நேற்று நிமிடத்துக்கு ஒருதரம் கழிந்துகொண்டிருந்த அந்தக் கோழி, மையத்தின் பளிங்குத் தரையைப் பார்த்ததும் மரியாதை வந்தது போல அடக்கிக்கொண்டது. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. மாதிரி வாங்கும் நேரம் பதினொன்றரையோடு முடிகிறது. வேம்புலியம்மாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். கிருபாகரன் கோழியின் காதருகே குனிந்து, "போ கண்ணு, போ" என்று கெஞ்சினான்.

பதினொன்று இருபத்தெட்டுக்கு இயக்குநர் முனைவர் சின்னப்பையன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளை கோட்டு, பளபளக்கும் கறுப்பு ஷூ. கோழி பையிலிருந்து தலையை நீட்டி அவரை ஒருமுறை பார்த்தது. பையைவிட்டுக் குதித்து நேராகப் போய், அவருடைய இடது ஷூவின் மேல் தன் கடமையை முடித்தது.

கிருபாகரனுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"யாரும் அசையாதீர்கள்! புதிய மாதிரி! வெப்பம்கூடக் குறையவில்லை!" என்று கூவினார். ஒற்றைக்காலைத் தூக்கிப் பிடித்தபடி அவர் நிற்க, ஆய்வகத்திலிருந்து இஃபத் என்ற பெண் குப்பியும் கரண்டியுமாக ஓடிவந்து வழித்து எடுத்தாள். வேம்புலியம்மாள் பதிவேட்டில் எழுதினாள்: மாதிரி கிடைத்த இடம், இயக்குநர், இடது ஷூ.

இஃபத் நுண்ணோக்கியில் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "எய்மீரியாதான் சார். முட்டை முட்டையா நிறைஞ்சு கிடக்கு" என்றாள்.

கிருபாகரன் கும்பிட்டான். "அப்ப மருந்து குடுத்துடலாமா சார்?"

இயக்குநர் அதிர்ந்து போனார். "மருந்தா? மருந்து கொடுத்தால் ஒட்டுண்ணி செத்துவிடும். ஒட்டுண்ணி செத்துவிட்டால் நாங்கள் எதை வகைப்படுத்துவது? தம்பி, கோழியின் குடலில் எய்மீரியா ஏழு வகை. எந்த வகை என்று தெரியாமல் மருந்து கொடுப்பது, பெண்ணின் பெயர் தெரியாமல் தாலி கட்டுவதற்குச் சமம். மரபணுவைப் பிரித்து, பெருக்கி, படித்து, இருபத்தொரு வேலை நாளில் வகையைச் சொல்வோம். அதுவரை ஒரு சொட்டு மருந்து இறங்கக் கூடாது."

"ஏழு வகைக்கும் ஏழு மருந்தா சார்?"

"மருந்து ஒன்றுதான்."

கிருபாகரன் கொஞ்ச நேரம் யோசித்தான். தனக்குத்தான் படிப்பு போதவில்லை என்ற முடிவுக்கு வந்தான். "அதுக்குள்ள கோழிங்க செத்துட்டா சார்?"

"அது கால்நடைத் துறை. நாங்கள் ஒட்டுண்ணித் துறை. எங்கள் அக்கறை ஒட்டுண்ணியின் மேல் மட்டும்தான்" என்றார் இயக்குநர் பெருமையாக. செவலைப் பெட்டையைச் சான்றுக்கோழி என்று பெயரிட்டு மையத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். கிருபாகரனுக்கு ஒரு ரசீது கிடைத்தது. அதில் முத்திரை இருந்தது.

வாசல்வரை கூடவே வந்த இஃபத் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, நான் சொன்னதா சொல்லாதீங்க. கரையான்சாவடி தீவனக் கடைல தண்ணியில கலக்குற பொடி இருக்கு. இன்னைக்கே குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் கிருபாகரன் இதைப் பானுவிடம் ஒரு ஒழுங்கீனமாகச் சொல்லி வருத்தப்பட்டான். "படிச்ச பொண்ணு. கவர்மெண்டு சம்பளம் வாங்கினு இப்டி பேசுது பானு."

"அப்பிடியா மாமா? எந்தக் கடைன்னு சொன்னுச்சு?"

"கரையான்சாவடி தீவனக் கடை."

"ஐயே, கேக்கவே கஷ்டமா கீது" என்று சொல்லிவிட்டு, தயிர் வாங்கப் போவதாகக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் பானுப்பிரியா. தயிருக்கு அவள் கரையான்சாவடி வரை போனதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. ரசீதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை ஒன்பது கோழி. வியாழன் இரண்டு. வெள்ளிக்கிழமை ஒன்றும் சாகவில்லை. சனிக்கிழமை கோழிகள் தீவனத்துக்கு அடித்துக்கொண்டன.

"பார்த்தியா பானு? பதிவு பண்ணதுமே தெம்பாயிடுச்சு."

"ஆமா மாமா. முத்திரைன்னா சும்மாவா?" என்றாள் அவள், தண்ணீர்த் தட்டுகளைக் கழுவிக்கொண்டே. பழைய உமியையெல்லாம் அவளே சுரண்டிக் கொட்டகைக்கு வெளியே மூலையில் குவித்துவிட்டு, ஆவடி அரிசி மில்லில் புது உமி வாங்கிப் போட்டாள். மையத்தின் காலி மூட்டைகளைக் கிருபாகரன் தூக்கிப்போட விடவில்லை. முத்திரை இருக்கிறதே.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முடிவு வெளியீட்டு விழா, குடும்பத்துடன் வரவும். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. கிருபாகரன் வெள்ளைச் சட்டையும் பானு பட்டுப்புடவையுமாகப் போனார்கள். மையத்தின் கூட்டரங்கில் குத்துவிளக்கு, பேனர், சமோசா. பேனரில் கிருபாகரனின் படம் சின்னதாக, ஷூவின் படம் பெரியதாக. மேடையில் ஒரு கூண்டில் செவலைப் பெட்டை இருந்தது. முன்னைவிடக் கொழுத்திருந்தது.

இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே! எங்கள் ஆய்வகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓர் ஒட்டுண்ணி இனத்தைக் கண்ணும் கருத்துமாக வளர்த்துவருகிறோம். அதன் பெயர் 'சின்னப்பையன்-1'. பெயரை நான் வைக்கவில்லை. நான் அமைத்த குழு வைத்தது. இது ஆய்வகத்தில் மட்டுமே வாழும், வெளியே எங்கும் கிடையாது என்று வடக்கே சிலர் எங்களை ஏளனம் செய்தார்கள். இன்று கிருபாகரன் அவர்களின் பண்ணை அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. மரபணு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. அவருடைய கோழிகளின் குடலில் நூறு சதவீதம் நானே நிறைந்திருக்கிறேன்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கிருபாகரனும் தட்டினான். பானு மட்டும் தட்டவில்லை. பின்வரிசையில் நின்ற இஃபத்திடம் திரும்பினாள்.

"தங்கச்சி, ஆய்வகத்துல வளக்குறதுன்னா எப்டி? பாட்டில்லயா?"

"இல்லக்கா, பாட்டில்ல வெச்சா நாலஞ்சு மாசத்துல வலுவிழந்துடும். அதனால அப்பப்போ உயிருள்ள கோழிக்குக் குடுத்து, அது எச்சத்துலேர்ந்து திரும்ப எடுப்போம்."

"அந்தக் கோழிங்க எது மேல படுக்கும்?"

"உமி மேல."

"அந்த உமிய இன்னா பண்ணுவீங்க?"

இஃபத் பேனரைப் பார்த்தாள். பேனரின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 'மறுபயன்பாட்டு உமி வழங்கும் திட்டத்தின் இரண்டாம் ஆண்டு.'

பானு எழுந்து நின்றாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் அறுபது தையல் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"சார், உங்க கோழி பேண்ட உமிய மூட்டை கட்டி எங்களுக்குக் குடுத்துகீறீங்க. அத்தப் போட்டுத்தான் எங்க கோழிக்கு வந்துகீது. முப்பத்தியோரு கோழி செத்துச்சு சார்."

இயக்குநர் அதைச் சற்று நேரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது.

"அப்படியென்றால் அவை எங்கள் ஒட்டுண்ணிகள்."

"ஆமா சார்!"

"அரசு சொத்து."

"இன்னாது?"

"நாங்கள் வழங்கியது உமி மட்டுமே. வழங்கல் பட்டியலில் ஒட்டுண்ணி என்று எங்கேயும் இல்லை. உமியோடு வந்த அரசு ஒட்டுண்ணிகளை அனுமதியின்றிக் கோழிகளுக்குள் வைத்திருந்திருக்கிறீர்கள். அவற்றை உடனே ஒப்படைக்க வேண்டும்."

"எங்கேர்ந்து ஒப்படைக்கிறது? பொடி கலக்கி அன்னிக்கே எல்லாத்தையும் சாவடிச்சுட்டேன்."

இதைக் கேட்டு அரங்கத்தில் இரண்டு பேர் அதிர்ந்து போனார்கள். ஒருவர் இயக்குநர். இன்னொருவன் கிருபாகரன்.

சாயங்காலத்துக்குள் நோட்டீஸ் கையில் கொடுத்துவிட்டார்கள். அரசு ஒட்டுண்ணிகளைத் திரும்ப ஒப்படைத்து ரசீது பெறும்வரை ஒரு கோழியும் கொட்டகையை விட்டு வெளியேறக் கூடாது. நோட்டீஸில் முத்திரை ஒன்றல்ல, மூன்று.

அதைக் கேள்விப்பட்டு உஸ்மான் கனி ஓடிவந்தார். "இன்னாபா இது பேஜாரு? ஞாயித்துக்கெழமை வலீமா. தேக்சா கழுவி வெச்சுகீறேன். அந்தப் பூச்சி மனுசனுக்கு வருமா?"

"வராது நைனா. கோழிக்குள்ள மட்டுந்தான். இப்ப அதுலயும் இல்ல" என்றாள் பானு.

"இல்லாத பூச்சிய எப்டிம்மா திருப்பிக் குடுப்பீங்க?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போனார். போகிற வழியில் "குஸ்கா, குஸ்கா" என்று அவர் முணுமுணுத்தது தெருமுனை வரை கேட்டது.

கிருபாகரன் நோட்டீஸோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பானு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமா மாமா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிருந்தா பொடி பாக்கெட்ல முத்திரை எங்கன்னு கேட்டிருப்ப."

கொட்டகையிலிருந்து முந்நூற்று எண்பத்தெட்டுக் கோழிகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருப்பதே இவளால்தான் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. ஐந்து வாரமாக அவன் ரசீதைக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இவள் தட்டுத் தட்டாகப் பொடி கலக்கியிருக்கிறாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். மறு கையால் நோட்டீஸை விரித்தான். முத்திரையை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருந்த எழுத்தை, வாழ்க்கையில் முதல்முறையாக, வரி வரியாகப் படித்தான்.

இரண்டாவது தரம் படித்து முடித்ததும் நிமிர்ந்தான்.

"பானு, ஒட்டுண்ணி உசுரோட இருக்கணும்னு இதுல எங்கயும் போடலியே."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மையத்தின் வாசலில் உஸ்மான் கனியின் குட்டி யானை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து பத்து மூட்டைகள் இறங்கின. எல்லாம் மையத்தின் சொந்த மூட்டைகள், முத்திரை வெளியே தெரியும்படி. உள்ளே ஐந்து வாரம் மூலையில் கிடந்து, இரண்டு மழையில் நனைந்து, நன்றாக முதிர்ந்திருந்த பழைய உமி. பளிங்குத் தரையில் வரிசையாக அடுக்கிவிட்டு, கிருபாகரன் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தான். முதல் மாடியில் யாரோ இருமுவது கேட்டது.

வேம்புலியம்மாள் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். இருபது வருடத்தில் அதுவே முதல் தடவை. "இன்னாய்யா இது! ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனதத்தான் எடுப்போம்னு சொன்னேனா இல்லியா?"

"அது மாதிரிக்குக்கா. இது சொத்து. சொத்துக்கு நேரம் கெடையாது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். படிவத்தில் அவன் ஏற்கெனவே எல்லாக் கட்டமும் பூர்த்தி செய்திருந்தான். பொருளின் பெயர்: சின்னப்பையன். நிலை: காலமானவர். எண்ணிக்கை என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான்.

"எத்தினி கீது?"

"கொட்டி எண்ணிக்கோங்கக்கா. நான் நிக்கிறேன்." இரண்டாவது மூட்டையின் கட்டில் கை வைத்தான்.

"வேணாம், வேணாம்! கட்டு!" அவள் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஐயா! உங்க சொத்து வந்துகீது! எறங்கி வந்து எண்ணுறீங்களா?"

மேலே ஒரு ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது. கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து இயக்குநரின் குரல் வந்தது. "முழுமையாகப் பெறப்பட்டது என்று போடுங்கள்! உடனே போடுங்கள்!"

டொக், டொக், டொக். மூன்று முத்திரை. வேம்புலியம்மாள் ரசீதை நீட்டியபின், மேசைக்கு அடியிலிருந்து ஒரு கூண்டையும் எடுத்து வைத்தாள். "இந்தா, உன் சான்றுக்கோழி. எத்தினி தபா பார்த்தாலும் ஒரு பூச்சியும் இல்லியாம், ஷூவுல கெடச்சதுதான் மொத்தமாம்." இஃபத் ஆய்வகக் கதவருகே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உமிய இன்னாக்கா பண்ணுவீங்க?"

"அடுத்த மாசம் முகாம் கீது" என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். கிருபாகரன் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "குழி வெட்டிப் பொதைக்கச் சொல்றேன், போ."

"எழுதிக் குடுங்க" என்றான் கிருபாகரன். "முத்திரை வேணாம். கையெழுத்து போதும்."

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி மண்டபத்தில் தம் உடைத்தபோது வாசம் நெடுஞ்சாலை வரை போனது. உஸ்மான் கனி மையத்தின் ஆட்கள் அத்தனை பேருக்கும் பத்திரிகை வைத்திருந்தார். முனைவர் சின்னப்பையன் முதல் பந்தியிலேயே, பளபளக்கும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டு, எலும்பைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். எதிரே சட்டுவத்தோடு கிருபாகரன். பக்கத்தில் தண்ணீர் ஜக்கோடு பானுப்பிரியா.

"அபாரம் தம்பி. இது எந்த வகைக் கோழி?"

"படிவம் எழுதிக் குடுங்க சார்" என்றான் கிருபாகரன். "இருபத்தியோரு வேலை நாள்ல சொல்றேன்."

பானு ஜக்கைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

இயக்குநர் சிரிக்கவில்லை. கண்ணை மூடி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"நடுவில் ஒரு அரசு விடுமுறை வருகிறது. இருபத்திரண்டு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு லெக்பீஸ் கேட்டார்.